பதினோராம் பக்கமும் எட்டு மில்லிப் பின்னும்

அத்தியாயம் 4

ஐலி கொர்ப்பெலாவின் மேஜையில் இரண்டாவது இழுப்பறைக்குள் ஒன்பது நாளாக ஒரு கடிதம் கிடந்தது. அது அவளுக்கு வந்த கடிதம் அல்ல. அவளுடைய உதவியாளன் டெஸ்மண்ட் புஷேவுக்கு டொரண்டோவிலிருந்து வந்தது.

மற்ற தபால்களோடு சேர்த்துப் பிரித்துவிட்டாள். பிரித்தது தெரியாமல்தான். கடைசி வரி வரை படித்தது தெரிந்தேதான். பெரிய துப்பறியும் நிறுவனம், இருபத்தாறாவது மாடியில் அலுவலகம், ஜனவரியில் சேரலாமாம். ‘உங்கள் கூர்மையான பார்வையைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டோம்’ என்று வேறு எழுதியிருந்தார்கள். கூர்மையான பார்வையாம்! அதைத் தீட்டிக் கொடுத்தது யாராம்? ஐந்து வருஷத்துக்கு முன் கார் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வேலை கேட்டு வந்து நின்ற ஆள் அவன்!

உறை கிழிந்துவிட்டதால் அதன் வாயை மடித்து ஒரு பின் அடித்து இழுப்பறைக்குள் போட்டாள். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். ஒன்பது நாளாக அதையேதான் நினைத்துக் கொண்டிருக்கிறாள்.

அன்று வெள்ளிக்கிழமை. தண்டர் பே நகரத்து நவம்பர் மழை, பனியாக மாறவும் மனமில்லாமல், விடவும் மனமில்லாமல் ஜன்னலில் சளசளவென்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே சலவைக் கடையின் இயந்திரங்கள் ஓடும் அதிர்வு மாடியில் நாற்காலி வரைக்கும் வந்தது.

“பாஸ், நம்ம ரிப்போர்ட்டைப் படிக்கிறவங்க கண்டிப்பா ரத்த தானம் பண்ணணும்னு ஏதாவது சட்டம் இருக்கா?”

டெஸ் இரண்டே தாள் கொண்ட ஓர் அறிக்கையை நுனிவிரலால் தூக்கிப் பிடித்தான். மூலையில் அடித்த பின்னின் இரண்டு காலும் தாளுக்குப் பின்னால் கோணல்மாணலாக நீட்டிக்கொண்டிருந்தன.

“மலிவா கிடைச்சுது. மூணு பெட்டி வாங்கிட்டேன்,” என்றாள் ஐலி.

“பெட்டி மேல கால் நீளம் பத்து மில்லிமீட்டர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே! இது டெலிபோன் டைரக்டரியைத் தைக்கிற பின். ரெண்டு தாளுக்கு ஆறு மில்லி போதும்.”

“தாள் ரெண்டும் சேந்து நிக்குதா இல்லையா? அப்புறம் என்ன? ஆமா, அது என்ன கட்டைவிரல்ல பிளாஸ்திரி?”

“பூனை கடிச்சிடுச்சு.”

“பாத்து வளக்கணும்,” என்று சொல்லிவிட்டு, ஐலி இரண்டாவது இழுப்பறையை முழங்காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி, தலைமுடியிலிருந்து நீர் சொட்ட, பிரிக்காத சாண்ட்விச் பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் பெயர் பிரென்னா கொவால். நான்கு தெரு தள்ளி இருக்கும் வழக்கறிஞர் டன்வுடியின் அலுவலகத்தில் காரியதரிசி.

“நீங்கதானே டெஸ்மண்ட்?” என்றாள் நேராக அவனைப் பார்த்து. “உங்களைப் பத்தி எங்க ஆபீஸ்ல பேசிப்பாங்க.”

ஐலிக்குச் சுருக்கென்றது. வாசல் பலகையில் இருப்பது யார் பெயர்? பெரிய எழுத்தில், தங்க வர்ணத்தில், கொர்ப்பெலா என்றுதானே?

“அவர் உதவியாளர். நான்தான் ஐலி கொர்ப்பெலா. உக்காரும்மா. என்ன விஷயம்?”

“அஞ்சு மணிக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க,” என்றாள் பிரென்னா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. டெஸ் காகிதக் கைக்குட்டை நீட்டினான். அவளுக்குப் பேச்சு வரும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டடிக்கப் பத்து நிமிஷம்.

விஷயம் இதுதான். ஓர்வோ நியெமி என்ற கிழவர் போன மாசம், அக்டோபரில், டன்வுடியிடம் உயில் எழுதினார். எந்தத் தூண்டில் யாருக்கு, எந்தப் படகுத் துடுப்பு யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னதில் உயில் நாற்பத்தெட்டுத் தாளுக்கு வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு தாளின் அடியிலும் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். பிரென்னா அதைத் தைத்து, நீல நிறக் கனத்த அட்டை முதுகு வைத்து, இரும்புப் பெட்டியில் வைத்தாள். போன வாரம் கிழவர் போய்ச் சேர்ந்தார். நேற்று டன்வுடி உயிலை எடுத்துப் பார்த்தால் பதினோராம் பக்கத்தைக் காணோம். ஏரிக்கரை வீட்டை அண்ணன் மகளுக்கு எழுதி வைத்திருந்த பக்கம் அது.

“நகல் இருக்குமே?” என்றான் டெஸ்.

“கோர்ட்டுக்கு அசல் வேணும். புதுசா டைப் பண்ணலாம்னா, செத்தவர் எழுந்து வந்தா கையெழுத்துப் போடுவார்? இரும்புப் பெட்டிச் சாவி மூணே பேர்கிட்டதான். சார், நான், வெர்னா. வெர்னா அங்க முப்பத்தோரு வருஷமா இருக்காங்க. அவங்களைச் சந்தேகப்பட முடியுமா? நான் வந்து எட்டு மாசம்தான். அன்னிக்குத் தைக்கும்போதே பக்கத்தைக் கோட்டை விட்டிருப்பேன், இல்லேன்னா யார்கிட்டயோ ஏதோ வாங்கிட்டு உருவியிருப்பேன்னு சார் நினைக்கிறார். உயில் பக்கத்தைத் தொலைச்சவள்னு பேர் வந்துட்டா இந்த ஊர்ல எந்த வக்கீலும் என்னை வாசல்ல சேக்க மாட்டார். நான் தொலைக்கல மேடம். நாப்பத்தெட்டையும் ரெண்டு தடவை எண்ணினேன்.”

“எந்த ஸ்டேப்ளர்ல தைச்சே?” என்றாள் ஐலி.

“என் மேஜைல இருக்குறதுதான்.”

“என்ன சைஸ் பின்?”

பிரென்னா மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள். “பின்னுக்குக்கூட சைஸ் இருக்கா?”

“எங்க பாஸுக்கும் இப்பதான் தெரிஞ்சுது,” என்றான் டெஸ்.

“பெட்டில என்ன இருக்கோ அதைப் போடுவேன். கட்டு தடியா இருந்தா சரியா பிடிக்காது. கால் நுனி மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கும். அப்போ காபி மக்கால ஓங்கி ஒரு குத்து. மடங்கிக்கும். வெர்னாவுக்கு அதைப் பாத்தாலே ஆகாது. எட்டு மாசமா திட்டறாங்க.”

ஐலி மழைக்கோட்டை எடுத்தாள்.

டன்வுடி அலுவலகத்தில் கதவைத் திறந்தது வெர்னா டிக்சன். அறுபதைத் தாண்டிய வயது, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, அதோடு ஒரு சின்னச் சாவி. அவளுடைய மேஜை உள்ளே நடைவழியை ஒட்டி இருந்தது. மேஜைமேல் ஒரு தூசி கிடையாது. மூன்று சின்னப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஆறு, எட்டு, பத்து என்று அவள் கையாலேயே எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தாள். ஏரியைப் பார்த்த ஜன்னலோரத்தில் பிரென்னாவின் மேஜை. அங்கே தூசிக்குப் பஞ்சமில்லை, காகிதத்துக்கும் பஞ்சமில்லை.

“இந்த ஜன்னல் சீட் யாருக்கு முதல்ல இருந்துது?” என்று டெஸ் சும்மா கேட்பதுபோலக் கேட்டான்.

“எனக்கு,” என்றாள் வெர்னா. “வெளிச்சம் கண்ணைக் கூசும். நானே மாத்திக்கிட்டேன்.”

வெளியே ஒரு வாரமாக வெளிச்சம் என்ற ஒன்றே இல்லை.

டன்வுடி பருமனான, நல்ல மனசுக்கார மனிதர். தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. எழுந்து கைகொடுத்தார். மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பெர்ஷியன்கள் இருந்தன. இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடும், இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சுப் போட்ட பன்.

“எடுத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை வழக்கம். முன்னெல்லாம் ஒண்ணே ஒண்ணு வாங்குவேன். நானும் வெர்னாவும் ஆளுக்குப் பாதி. முப்பது வருஷம் அப்படித்தான் போச்சு. இப்போ பிரென் வந்தப்புறம் எல்லாருக்கும் இருக்கட்டுமேன்னு பெட்டியாவே வாங்கிடறேன்.”

பிரென்னாவை அவர் ‘பிரென்’ என்றார். திருடி என்று முடிவு கட்டிய பிறகும் வாய் பழக்கம் விடவில்லை போலிருக்கிறது.

“நீங்க எடுக்கலியா?” என்று டெஸ் வெர்னாவிடம் பெட்டியை நீட்டினான்.

“எனக்கு இனிப்பு ஒத்துக்கறதில்ல.”

“அடடா. எப்போலேந்து?”

“மார்ச்லேந்து.”

டெஸ் ஒரு கடி கடித்துக்கொண்டே ஐலியைப் பார்த்தான். எட்டு மாசம் என்று பிரென்னா சொன்னது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. நவம்பரிலிருந்து எட்டைக் கழித்தால் மார்ச்.

“உங்களைப் பாத்ததுல சந்தோஷம் டெஸ்மண்ட்,” என்றார் டன்வுடி. “டொரண்டோக்காரங்க உங்களைப் பத்தி என்கிட்டகூட—”

“உயிலைக் காட்டுங்க,” என்று ஐலி குறுக்கே விழுந்தாள். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. டெஸ் கூரையைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தான். காதில் விழவில்லை, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

உயில் வந்தது. ஐலி அதைத் திறக்கவில்லை, படிக்கவும் இல்லை. இடது மேல் மூலையை மட்டும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். முன்பக்கம் பின் நேராக உட்கார்ந்திருந்தது. திருப்பினாள். நீல அட்டையில் இரண்டு காலும் ஒன்றை ஒன்று தொடாமல், தட்டையாக, விரல் வைத்தால் தட்டுப்படாத அளவுக்குப் படிந்திருந்தன. இத்தனை தடிமனுக்கு ஆறு மில்லிப் பின் எட்டாது. பத்து மில்லி என்றால் அவள் அலுவலகத்து அறிக்கை மாதிரி நீட்டிக்கொண்டு குத்தும். இது கச்சிதமான எட்டு மில்லி.

பிறகு அட்டையைக் கண்ணுக்கு நேராக, கிடைமட்டமாகப் பிடித்தாள். பின்னைச் சுற்றி ஒரு வளைவு பதிந்திருந்தது. முழு வட்டம் இல்லை, பிறை மாதிரி ஓர் அழுத்தம்.

“டெஸ், அந்தப் பொண்ணோட காபி மக்கைக் கொண்டா.”

கொண்டுவந்தான். அடிப்பாகத்து விளிம்பை அந்தப் பிறைமேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

“சார், இந்தக் கட்டை அக்டோபர்ல பிரென்னா தைச்சா. பின் எட்டல. மக்கால குத்தினா. தடம் இருக்கு. ஆனா இப்போ இதுல இருக்கிற பின்னைப் பாருங்க. இவ்வளவு ஒழுங்கா உக்காந்த பின்னை எதுக்கு மக்கால குத்தணும்? குத்து வாங்கின பின் வேற, இது வேற. நடுவுல யாரோ பழசை எடுத்திருக்காங்க. ஒரு பக்கத்தை உருவிட்டு, சரியான சைஸ் பின்னைப் போட்டு மறுபடி மூடியிருக்காங்க.”

டன்வுடி கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். “உயிலோட பின்னை எடுக்கவே கூடாது. எங்க தொழில்ல முதல் பாடம் அது. எடுத்தா ரெட்டை ஓட்டை விழும், பக்கம் மாத்தினாங்களோன்னு கோர்ட் சந்தேகப்படும்.”

“இதுல ரெட்டை ஓட்டை இல்ல. பழைய ஓட்டையிலயே போட்டிருக்காங்க.”

“அப்போ பிரென்தான் எடுத்து மறுபடி போட்டிருப்பா. பின் பேசுமா, யார் போட்டாங்கன்னு?”

அவர் கேட்டது நியாயம்தான். பிரென்னா ஜன்னலோரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளையே பார்த்தபடி வெர்னா நடைவழியில் நின்றாள். பார்வை பிரென்னாவின் முகத்தில்கூட இல்லை. அவள் கை வைத்திருந்த நாற்காலி முதுகில் இருந்தது.

அந்தப் பார்வையை ஐலிக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது நாளாகக் கண்ணாடியில் அதைத்தான் பார்க்கிறாள். என்னுடையது, நான் உண்டாக்கியது, எவளோ எவனோ சுலபமாக வந்து எடுத்துக்கொண்டு போகிறானே என்கிற வயிற்றெரிச்சல். யார் உயிலைத் தொட்டது என்பது அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்ததில் சந்தோஷம் வரவில்லை, அவமானமாக இருந்தது. அதை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்பதுதான் பாக்கி. மணி நாலாகப் போகிறது. பிரென்னாவை வேலையை விட்டு நீக்கும் கடிதம் கையெழுத்துக்காக டன்வுடியின் மேஜையில் காத்திருந்தது. வெர்னா டைப் செய்தது. இரண்டு தாள், ஆறு மில்லிப் பின், அச்சு எடுத்த மாதிரி தையல்.

ஐலி டெஸ்ஸின் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது.

“வேணும்னே மோசமா செய்யணுமா? பாஸ், இதுக்குத்தான் நான் பொறந்தேன்.”

நகல் எடுக்கும் இயந்திரத்திலிருந்து நாற்பத்தேழு வெள்ளைத் தாள் உருவினான். பிரென்னாவின் மேஜையிலிருந்து ஒரு நீல அட்டை எடுத்தான். எல்லாவற்றையும் கொண்டுபோய், எங்கும் இடம் இல்லாதது மாதிரி, வெர்னாவின் மேஜையிலேயே வைத்தான்.

“மன்னிச்சுக்கோங்க மேடம். எங்க வாக்குமூலம், கோர்ட்டுக்குப் போகுது. எழுத்து அப்புறம் ஏத்திக்கலாம், முதல்ல தைச்சிடறேன்.”

“எழுதாத தாளையா தைக்கிறது?” வெர்னாவின் குரல் இறங்கியது. “மொதல்ல தட்டி அடுக்குங்க. ஓரம் சேரவே இல்ல.”

“சேந்த வரைக்கும் போதும்.” டெஸ் பிரென்னாவின் ஸ்டேப்ளரைச் சாய்வாக வைத்து ஓங்கி அழுத்தினான். நறுக்கென்று சத்தம். திருப்பினான். பின்னின் கால் நுனி மட்டும், மண்ணிலிருந்து தலை நீட்டுகிற புழு மாதிரி வெளியே தெரிந்தது. மக்கைக் கவிழ்த்தான். டங்! ஒரு கால் மடங்கியது. இன்னொன்று படுத்துக்கொண்டது. கடைசித் தாள் கழன்று தொங்கியது.

“பரவால்ல, பிடிச்சிருக்கு,” என்றான்.

“இதுவா பிடிச்சிருக்கு?” என்றாள் வெர்னா.

“இன்னொரு குத்து விட்டா—”

“தொடாதீங்க!”

அவள் கட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்து நடந்ததைப் பார்க்க இரண்டு கண் போதாது. இழுப்பறையிலிருந்து தட்டையான சின்னத் தகடு ஒன்று வந்தது. மடங்கிய கால்களைத் தகட்டின் நுனியால் நிமிர்த்தி, முன்பக்கம் திருப்பி, தாள் கிழியாமல் பின்னை உருவினாள். கட்டின் தடிமனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். கண் மேஜையில் இல்லை, ஆனால் கை மூன்று பெட்டியில் நடுப்பெட்டிக்குத் தானாகப் போனது. வரிசையிலிருந்து ஒரே ஒரு பின்னை நகத்தால் பிரித்தாள். பழைய ஓட்டைகளில் இரண்டு காலையும் இறக்கினாள். திருப்பிப் பித்தளை அளவுகோலால் ஒன்றை வலது பக்கம், ஒன்றை இடது பக்கம் படுக்க வைத்தாள். பதினைந்து நொடி ஆகியிருந்தால் அதிகம்.

“தடிமன் போக மூணு மில்லி கால் மிஞ்சணும்,” என்று மூச்சு வாங்கினாள். “அதிகமானா குத்தும். குறைஞ்சா பிடிக்காது. எத்தனை தடவை சொல்றது? அதுவும் பழைய ஓட்டையிலயே போடணும். புதுசா ஓட்டை விழுந்தா கோர்ட்ல...”

நிறுத்திக்கொண்டாள்.

ஐலி அவள் கையிலிருந்த கட்டை மெதுவாக வாங்கி, டன்வுடியின் முன்னால் உயிலுக்குப் பக்கத்தில் குப்புற வைத்தாள். நீல அட்டை, நீல அட்டை. இரண்டிலும் ஒரே பிறைத் தடம். இரண்டிலும் அதன் நடுவே தட்டையாகப் படிந்த எட்டு மில்லிப் பின், ஒன்றை ஒன்று தொடாத கால்கள். எது உயில், எது வெள்ளைத் தாள் என்று முன்பக்கம் திருப்பினால்தான் தெரியும்.

“கோணலா ஒரு பின்னைக் குத்தி விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள் ஐலி. “உங்களால முடியல. இல்லியா வெர்னா?”

வெர்னா கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி, மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்து, கண்ணாடித் தாள் உறை ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே ஒரு தாள், அடியில் கிழவரின் நடுங்கிய கையெழுத்து. உறையின் மூலையில் சின்னச் சீட்டு. ‘நியெமி உயில், பக்கம் 11, அசல்.’



“கிழிக்கலாம்னு நினைச்சேன்,” என்றாள் வெர்னா. “அசலைக் கிழிக்க எனக்குக் கை வராது. அவ போனப்புறம், திங்கட்கிழமை, பெட்டிக்கு அடியில கிடந்துதுன்னு நானே எடுத்துக் குடுத்திருப்பேன். யாருக்கும் நஷ்டம் இல்லாம.”

“எனக்கு?” என்றாள் பிரென்னா.

“நீ சின்னப் பொண்ணு. உனக்கு எங்கயாவது கிடைக்கும்.”

“உயில் பக்கத்தைத் தொலைச்சவளுக்கா?”

வெர்னா தலையைத் திருப்பிக்கொண்டாள். டன்வுடிக்குத்தான் இன்னும் ஒன்றும் புரியவில்லை. “எதுக்கு வெர்னா? முப்பத்தோரு வருஷத்துல ஒரு குறை சொன்னதில்லையே. ஏதாவது வேணும்னா என்கிட்ட கேக்கறதுதானே?”

“என்னன்னு கேக்கறது சார்?” அவள் குரல் உடைந்தது. “எனக்கு முழுசு வேண்டாம், எப்பவும்போல பாதி குடுங்கன்னா?”

டன்வுடியின் பார்வை பெர்ஷியன் பெட்டிக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. முகம் கழுத்து வரை சிவந்தது. கையெழுத்துக்காக வைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஆறு மில்லிப் பின் கிழியாமல் ஒரு மூலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனது.

“பிரென், என்னை மன்னிச்சிடும்மா. வெர்னா, நீங்க வீட்டுக்குப் போங்க. திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய், பின்னை எடுத்தது நீங்கதான்னு பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணணும். அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியல.”

“அந்தப் பத்திரத்தை நானே டைப் பண்ணிடறேன்,” என்றாள் வெர்னா, கோட்டை மாட்டிக்கொண்டே. “அவ தைச்சா பிடிக்காது.”

திரும்பி வரும்போது டெஸ்தான் காரை ஓட்டினான்.

“எப்படி பாஸ் அவங்கதான்னு கண்டுபிடிச்சீங்க? பின் வரைக்கும் சரி. ஆனா மக்கை வெச்சுப் பாத்த உடனே நீங்க அவங்க பக்கம்தான் திரும்பினீங்க. நான் கவனிச்சேன்.”

“அனுபவம்,” என்றாள் ஐலி. பொய் இல்லை.

அலுவலகத்துக்கு வந்தபோது மணி நாலே முக்கால். ஐலி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முப்பத்தோரு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்த ஒருத்தி, தன் கைவேலை காட்டிக்கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு மழையில் இறங்கிப் போனது கண்ணை விட்டுப் போகவில்லை. தான் மட்டும் எந்த விதத்தில் உசத்தி? அவள் பக்கத்தை மறைத்தாள், இவள் கடிதத்தை மறைத்தாள். இரண்டாவது இழுப்பறையை இழுத்து, உறையை எடுத்து, டெஸ்ஸின் மேஜையில் வைத்தாள்.

“உனக்கு வந்தது. தெரியாம பிரிச்சேன். தெரிஞ்சே படிச்சேன். ஒன்பது நாளா ஒளிச்சு வெச்சிருந்தேன். எனக்குப் பொறாமை டெஸ். நீ வெறும் ஆளா வந்தப்போ நான் சேத்துக்கிட்டேன், இப்போ தேறினப்புறம் அவங்க கொத்திக்கிட்டுப் போறாங்களேன்னு வயிறு எரிஞ்சுது. இன்னும் எரியுது. போறதுன்னா போ. நல்ல இடம்தான்.”



டெஸ் உறையைத் தொடவில்லை. அதன் வாயில் அடித்திருந்த பின்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து மில்லிப் பின். மெல்லிய உறையைத் துளைத்துக்கொண்டு இரண்டு காலும் அந்தப் பக்கம் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு கொம்பின் நுனியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த ஒரு சொட்டு.

ஐலி அதைப் பார்த்தாள். அவன் கட்டைவிரல் பிளாஸ்திரியைப் பார்த்தாள்.

“டெஸ்,” என்றாள் மெதுவாக. “உன்கிட்ட ஏது பூனை?”

“அதானே! நானும் நாலு நாளா காத்திருக்கேன், நீங்க எப்போ கேப்பீங்கன்னு.” அவன் சிரிக்கவில்லை. “எனக்குப் பூனை பக்கத்துல வந்தாலே தும்மல். அஞ்சு வருஷமா உங்களுக்கு அது தெரியும். செவ்வாய்க்கிழமை தபால் தலை தேடி உங்க டிராயர்ல கை விட்டேன். நறுக்குன்னு குத்திச்சு. எடுத்துப் பாத்தா என் பேர்.”

“படிச்சியா?”

“படிச்சிட்டு அப்படியே வெச்சிட்டேன்.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களா குடுக்கறீங்களா பாக்கலாம்னு இருந்தேன். அவங்களுக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். அஞ்சு வரைக்கும் நீங்க குடுக்கலேன்னா, சரி, இந்தம்மாவோட இனிமே வேலை பாக்க முடியாதுன்னு அவங்களுக்கு ஃபோன் பண்ணி ‘வரேன்’னு சொல்றதா இருந்தேன்.”

இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

டெஸ் எழுந்து வெளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தொலைபேசியில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. அவன் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. கதவில் காதை வைத்தால் கேட்டிருக்கும். தொழிலே அதுதான். ஐலி எழுந்து கதவு வரை போனாள். பிறகு திரும்பி வந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே சலவை இயந்திரங்கள் ஓடி முடிந்து நின்றன.

கதவு திறந்தது. டெஸ் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றான். உள்ளே வந்து, அவள் மேஜையிலிருந்த பத்து மில்லிப் பெட்டிகள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

“இதெல்லாம் என்கிட்ட இருக்கட்டும். உங்க கைல இருந்தா ஆபத்து. திங்கட்கிழமை வரும்போது ஆறு மில்லி ஒரு பெட்டி வாங்கிட்டு வரேன்.”

“திங்கட்கிழமையா?” என்றாள் ஐலி.

“ஆமா. ஏன், ஞாயித்துக்கிழமையும் வரணுமா?”